டெல்பர்ட் களைக்கும் வரை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. எங்கள் மாவட்ட வாரப் பத்திரிகையில், மாட்டுச் சந்தை விலைக்கும் இரங்கல் செய்திகளுக்கும் நடுவே, என் தம்பி மனைவி ட்வைலாவைப் பற்றி நாலைந்து வரி வந்திருந்தது. சனிக்கிழமை எங்கள் நடன ஹாலில் அவள் தானே அமைத்த புது ஆட்டத்தை ஆடிக் காட்டினாளாம். அதைப் பார்த்து அவள் புருஷன் ஊன்றுகோலை வீசிவிட்டு எழுந்து வந்து கூட ஆடினானாம். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதாம்.

ஒருவரும் கைதட்டவில்லை. ஊன்றுகோலை ஒருவரும் வீசவில்லை. அவள் புருஷன், அதாவது என் தம்பி லாடி, அந்த நேரத்தில் ஹாலுக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்து சாசேஜ் தின்றுகொண்டிருந்தான். நான் உள்ளே இருந்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

கதை எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல அவர்களுக்குக் கை வராது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வைக்கோல் கட்டும் இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பிழைத்தேன். இயந்திரத்திடம் பொய் சொல்ல முடியாது, ஓடும் அல்லது ஓடாது. இப்போது வயதாகிவிட்டது. சனிக்கிழமைகளில் ஹாலின் பலகைத் தரைக்கு மெழுகுத் தூள் தூவுகிறேன். பூட்ஸ் வழுக்க வேண்டிய அளவு வழுக்க வேண்டும், விழுகிற அளவு வழுக்கக் கூடாது. அது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆகவே நானே எழுதுகிறேன். என்னையும் முழுக்க நம்பாமல்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் யாரும் சாகவில்லை. நல்லபடியாகத்தான் முடிந்தது. படிக்கிறவரைப் பதறவைத்து வேடிக்கை பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. நான் பதறியது போதும்.

2

ஆரம்பம் சரியாக வரவில்லை. எழுதி அடித்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன், என்ன செய்கிறேன் என்று நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலை, ட்வைலா தன் சிவப்பு பூட்ஸை—"

மழை கிடையாது. அந்த மாதம் ஒரு சொட்டு விழவில்லை. என் மாட்டுக் குட்டை வெடித்துக் கிடந்தது. பூட்ஸும் சிவப்பில்லை, பழுப்பு. பேனாவை எடுத்து ஒரு வரி முடியவில்லை, அதற்குள் இரண்டு பொய்.

"சின்ன வயதிலிருந்தே நடன ஆசிரியை ஆக வேண்டும் என்பதுதான் ட்வைலாவின்—"

இதை அவளிடமே படித்துக் காட்டினேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு சொன்னா? சின்ன வயசுல எனக்குப் பல் டாக்டர் ஆகணும்னு ஆசை. அதுவும் அந்தச் சுத்துற நாற்காலிக்காக."

"அப்ப ஸ்கூல் பஸ் ஏன் ஓட்டுன?"

"அதுலயும் நாற்காலி சுத்தும், எமில். எழுதுறதுன்னா ஒழுங்கா எழுதுங்க. இல்ல போய் தரைக்கு மாவு தூவுங்க."

மாவு இல்லை, மெழுகுத் தூள். வேண்டுமென்றே சொல்வாள்.

மூன்றாவது ஆரம்பம் இது: "ட்வைலா முப்பது வருடத்துக்கு மேல் பின்பக்கமாகவே நடந்தவள்."

இது உண்மை. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

ஜோடியாட்டத்தில் ஆண் முன்னால் பார்த்துப் போவான், பெண் பின்னால் போவாள். ஹாலின் ஓரத்தில் ஒரு பாதை உண்டு. ஜோடிகள் எல்லாம் அதில்தான், கடிகார முள்ளுக்கு எதிராக, ஒரே திசையில் சுற்றும். அங்கே நிற்கக் கூடாது. நின்றால் நெடுஞ்சாலையில் பசு நின்ற கதைதான். வரிசையாட்டக்காரர்கள், அதாவது ஜோடி இல்லாமல் எல்லாரும் வரிசை கட்டி ஒரே மாதிரி அடி வைத்து ஆடுகிறவர்கள், நடுவில் ஆடிக்கொள்ளலாம். ஓரத்துக்கு வழிந்து வந்தால் முழங்கை படும். நான் ஜோடியாட்டக் கட்சி. வரிசையாட்டம் எனக்கு ஆட்டமாகவே படவில்லை, குதிரைகள் ஈயை விரட்டுவது போல இருக்கும். (இருந்தது.)

என் தம்பி லாடியைப் போல ஒரு பெண்ணை நடத்திக்கொண்டு போக இந்த ஹாலில் ஆள் கிடையாது. ட்வைலா பின்பக்கமாகப் போவாள். எங்கே திரும்புவது, எங்கே மெதுவாவது, பேண்டு என்ன செய்யப்போகிறது, எல்லாம் அவன் தலைவலி. அவள் அவன் தோளுக்கு மேலே பார்த்துப் பக்கத்து ஜோடியிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே போவாள்.

இரண்டு வருடம் முன்பு லாடி வைக்கோல் டிரெய்லரிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டான். புது இடுப்பு வைத்தார்கள். ஆடலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். இவன் ஆடவில்லை. சனிக்கிழமை வருவான், ஓரத்து பெஞ்சில் உட்காருவான், ஊன்றுகோலைக் கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு தரையையே பார்ப்பான்.

புருஷன் உட்கார்ந்திருந்தால் இங்கே மனைவியிடம் ஆட வருகிறாயா என்று நேராகக் கேட்க மாட்டார்கள். புருஷனிடம் வந்து தொப்பியைத் தொடுவார்கள். அவன் தலையசைத்தால் போவாள். லாடி எல்லாருக்கும் தலையசைத்தான். ட்வைலா போனாள், வந்தாள். ஒருநாள் திரும்பி வந்து பொத்தென்று உட்கார்ந்தாள்.

"லாடி ஒரு விரலால சொல்லுவான், நான் திரும்பிருவேன். இவனுங்க என்னய மாட்ட லாரியில ஏத்துற மாதிரி தள்ளுறானுங்க."

லாடி ஒன்றும் சொல்லவில்லை.*

* சொன்னான். "அப்ப வீட்டுலயே இரு"ன்னு சொன்னான். என் தம்பி என்பதால் அந்த வரியை அடித்தேன், பிறகு மனசாட்சி கேட்கவில்லை, அடிக்குறிப்பில் போட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் அவள் வரிசையாட்டத்தின் கடைசி வரிசையில் போய் நின்றாள். அங்கே யாரும் யாரையும் தள்ள வேண்டியதில்லை.

4

கடைசி வரிசை ஆபத்தான இடம். புதிதாக வருகிறவர்கள் எல்லாம் முன்னால் இருப்பவர்களைப் பார்த்து ஆடலாம் என்று அங்கேதான் போய் ஒளிவார்கள். ஆட்டம் பாதியில் மொத்தமாகத் திரும்பும். அப்போது ஒன்றும் தெரியாதவர்கள்தான் முதல் வரிசை. ட்வைலா ஒரு மாதம் அந்த அவமானம் பட்டாள். பிறகு கற்றுக்கொண்டாள். பிறகு கற்றுக்கொடுக்கப் பழகினாள். சனி ஞாயிறுகளில் சான் அன்டோனியோவுக்கு டிரக் ஓட்டிக்கொண்டு போய், முன்பின் தெரியாத ஆட்கள் முன்னால் ஆடி, ஆடவும் வைத்து, ஆசிரியைக்கான தேர்வில் தேறினாள். கற்றுக்கொடுக்கிறவர் எதிரே நின்றால் இடம் வலமாகிவிடும். அதனால் வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஆட வேண்டும், பின்னால் யார் தடுமாறுகிறார் என்றும் தெரிய வேண்டும். பஸ் ஓட்டியவளுக்கு அது ஒரு பெரிய வித்தையா?

அதோடு நிறுத்தவில்லை. சொந்தமாக ஓர் ஆட்டம் அமைக்க ஆரம்பித்தாள். சமையலறையில், ஒரே பாட்டைப் போனில் திரும்பத் திரும்பப் போட்டு. லாடி மேசையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பான்.

"காலத் தூக்கு."

"நான் காப்பி குடிக்கிறேன்டி."

"கால வச்சா குடிக்கிற? தூக்கு, இங்க ஒரு சுத்து இருக்கு."

அந்த ஆட்டத்தின் உயிர் ஓரிடத்தில் இருந்தது. பாட்டின் நடுவில், பிடில் தன் முறையை முடிக்கும் முன்பே, பாடகர் அவசரப்பட்டுக் குரலெடுத்துவிடுவார். அங்கே ஆட்டத்தை முடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு முதலடியிலிருந்து தொடங்க வேண்டும். கேட்பதற்குச் சாதாரணம். பார்த்தால் அழகு, ஒரு கூட்டமே வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டு—

(இப்படி.)

—மறுபடி பேச ஆரம்பித்த மாதிரி இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் புதன்கிழமை வகுப்பு எடுத்துவந்த அம்மாள் மகனோடு இருக்கப்போகிறேன் என்று லபக் நகரத்துக்குப் போய்விட்டார். ஹாலுக்குப் புது ஆசிரியர் வேண்டும். ட்வைலா கேட்டாள். ஹூஸ்டன் பக்கத்திலிருந்து ஒருவரும் கேட்டார். கமிட்டித் தலைவர் ஆல்வின்* தாடையைச் சொறிந்துவிட்டு, சனிக்கிழமை ட்வைலா தன் ஆட்டத்தை ஹாலில் பேண்டோடு ஆடவைக்கட்டும், பார்க்கலாம் என்றார்.

* ஆல்வின் என்று யாரும் இல்லை. கமிட்டியில் நாலு பேர், நாலு பேரும் ஒரே மாதிரி தாடையைச் சொறிவார்கள். உங்கள் நினைவுக்குச் சுமை வேண்டாம் என்று ஒருவராக்கிவிட்டேன். பத்திரிகைக்காரனைத் திட்டிவிட்டு நானும் இதைச் செய்கிறேன். தெரிகிறது.

வெள்ளிக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ட்வைலா என்னோடு வாசல்வரை வந்தாள்.

"எமில், நாளைக்குச் சொதப்பிட்டேன்னா நான் ஹாலுக்கே வர மாட்டேன். சொல்லிட்டேன்."

"வராம?"

"வீட்டுல இருப்பேன். அவனும் நானும் டிவி பாப்போம்." உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவன் கேக்குறது அதானே."

அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். அந்த இரண்டு பேரையும் ஒரு சோபாவில், ஒரு டிவி முன்னால், வருடக்கணக்கில் வைத்துப் பார்த்தேன். ஒருவரை ஒருவர் தின்றுவிடுவார்கள்.

5

ஹூஸ்டன் ஆளைப் பற்றி.

பிரெண்ட் என்று பெயர். முதலில் இவரைக் கெட்டவராக எழுதியிருந்தேன். பளபளக்கும் டிரக், காதில் மாட்டிய மைக், மண்ணே படாத பூட்ஸ். எங்கள் ட்வைலாவை இளக்காரமாகப் பார்த்து ஏதோ சொல்வதாக ஒரு வசனம்கூட எழுதினேன், நல்ல காரமான வசனம். எழுதும்போது எனக்கு ரொம்பச் சுகமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை சீக்கிரமே வந்து ஒலிபெருக்கி தூக்க உதவினார். கொலாச்சி என்கிற இனிப்பு ரொட்டியில் கசகசா வைத்ததையும் ஆப்ரிகாட் வைத்ததையும் தின்றுவிட்டு, எது நல்லது என்று எங்கள் ஆட்கள் போட்ட சண்டையில் பக்கம் சேராமல் தப்பித்தார். புத்திசாலி. அந்தக் காரமான வசனத்தை அடித்துவிட்டேன். கதைக்கு நட்டம்தான்.

6

சனிக்கிழமை.

ஹாலில் சனிக்கிழமை இசைத்தட்டு கிடையாது, பேண்டுதான். பிடில் வாசிப்பது டெல்பர்ட், எண்பதைத் தாண்டியவர். பாட்டின் நடுவில் பிடிலுக்குத் தனியாக வாசிக்க ஒரு முறை வரும். தரை நிரம்பியிருந்தால் டெல்பர்ட் அதை இன்னொரு முறை வாசிப்பார். உற்சாகம் வந்தால் அதற்கு மேலும் வாசிப்பார். பாடுகிறவன் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொள்வான். இந்த ஹாலில் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் இது தெரியும்.

ட்வைலாவுக்குத் தெரியாதா?

நான் ரொம்ப யோசித்தேன். அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் முப்பது வருடமும் அந்தப் பிடிலை எண்ணியது லாடி. பாட்டு நீண்டால் அவன் விரல் நீட்டிக்கொள்ளும், அவள் ஊர்க்கதை பேசிக்கொண்டே பின்னால் போவாள். அதே பாட்டுக்கு அதே பேண்டோடு நூறு சனிக்கிழமை ஆடியிருக்கிறாள், ஒருநாளும் அதைக் காதில் வாங்கியதில்லை. ஆட்டம் அமைத்ததோ போனில் ஓடிய பாட்டுக்கு.

பேண்டு தொடங்குமுன் ட்வைலா எல்லாருக்கும் அடிகளைச் சொல்லிக்கொடுத்திருந்தாள், ஆரம்பம் நன்றாகத்தான் போயிற்று. நடுவில் வரிசைகள். ஓரப் பாதையில் ஜோடிகள், "நாங்க எதுக்கு நிறுத்தணும்" என்று வேண்டுமென்றே சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் தூள் டப்பாவோடு மேடைப் பக்கம் நின்றேன். திருப்பம் வந்தது, கடைசி வரிசை முதல் வரிசையாயிற்று, ட்வைலா குரல் கொடுத்தாள், அடி தப்பவில்லை. எனக்கு வரிசையாட்டம் பிடிக்காது என்பது ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

பிறகு அந்த இடம். ட்வைலா ஆட்டத்தை நடுவில் விட்டு முதலடிக்குத் திரும்பினாள். டெல்பர்ட் திரும்பவில்லை. பிடில் இன்னொரு சுற்று கிளம்பிவிட்டது.

பாதிப் பேர் ட்வைலாவோடு தொடங்கினார்கள், பாதிப் பேர் பிடிலோடு தொடர்ந்தார்கள். பூட்ஸ் பூட்ஸை மிதித்தது. ஒரு வரிசை இடப்பக்கம் போயிற்று, அடுத்த வரிசை வலப்பக்கம் போய் அதன்மேல் ஏறியது. ஓரத்து வரிசை அப்படியே பாதைக்கு வழிந்தது, சுற்றிவந்த ஜோடிகள் வந்து மோதின. யாருடைய தொப்பியோ உருண்டு என் காலடியில் வந்து நின்றது.

நான் பெஞ்சைப் பார்த்தேன். லாடி இல்லை. ஊன்றுகோலும் இல்லை.

முடிந்தது என்று நினைத்தேன். சோபா, டிவி, அவ்வளவுதான்.

"உக்காரு!"

பஸ் குரல். இந்த ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கும் அத்தனை பேரும் அவள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள். ஹாலில் பாதிப் பேர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பேங்க் மேனேஜர் உட்கார்ந்தார். பாதிரியார் உட்கார்ந்தார். பேண்டு நின்றுவிட்டது.

ட்வைலா மேடைப் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"நீங்க ஏன் நிறுத்துனீங்க, டெல்பர்ட்? உங்களச் சொல்லல."

"பயந்துட்டேம்மா."

"அந்த எடத்த எத்தன தடவ வாசிப்பீங்க?"

டெல்பர்ட் வில்லால் காதைச் சொறிந்தார். "அதெல்லாம் எண்ணுனது இல்லியே. களைச்சா நிறுத்துவேன்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துத் தரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு தரையில் கிடந்தவர்களிடம் திரும்பினாள்.

"எந்திரிங்க. நல்லாக் கேளுங்க. பாட்டுக்காரன் மேல தப்பு இல்ல, டெல்பர்ட் மேலயும் தப்பு இல்ல. பிடில் ரெண்டாம் சுத்துக்குப் போச்சுன்னா, அங்க அடியே கிடையாது. எல்லாரும் ஓரத்துக்குப் போய் ஜோடிங்களோட சேந்து நடங்க. வெறும் நடை. டெல்பர்ட் களைச்சதும் நடுவுக்கு வாங்க, முதல்லேருந்து பிடிக்கலாம்."

"எவ்ளோ நேரம் நடக்கணும்?" என்று ஆல்வின் கேட்டார். அவரும் அவள் பஸ்ஸில் போனவர்தான்.

"காது இல்லயா உனக்கு? டெல்பர்ட் களைக்கிற வரைக்கும்!"

மறுபடி வாசித்தார்கள். மறுபடி அந்த இடம் வந்தது. பிடில் இரண்டாம் சுற்றுக்குக் கிளம்பியதும் வரிசைகள் கலைந்து ஓரத்துக்கு வழிந்தன. ஜோடிகள் முறைத்தன. ஆனால் எல்லாரும் ஒரே திசையில் போவதால் இடிக்க ஒன்றும் இல்லை. கூட்டத்துக்கு முன்னால் ட்வைலா, முகத்தைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, மூலையில் தடுமாறவில்லை. எங்கே சுவர், எங்கே தூண், எங்கே பலகை தூக்கிக்கொண்டிருக்கும் என்று அவள் குதிகாலுக்குத் தெரியும். ஹாலில் இருந்த அத்தனை ஆசிரியர்களாலும் அதைச் செய்ய முடியாது. (பிரெண்ட் ஒருவர்தான் ஆசிரியர். வாக்கியம் பெரிதாகிவிட்டது, அப்படியே விடுகிறேன்.)

டெல்பர்ட் அன்று களைக்க மறுத்தார். நானும் நடந்தேன். இதை வெளியில் சொல்ல வேண்டாம்.

கடைசியில் பிடில் இறங்கியது, ட்வைலா கையைத் தூக்கினாள், எல்லாரும் நடுவுக்கு ஓடினார்கள், முதலடி எல்லாருடைய குதிகாலிலும் ஒன்றாக விழுந்தது. தரை என் உள்ளங்காலில் அதிர்ந்தது. கைதட்ட யாருக்கும் கை ஒழியவில்லை, ஆடிக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் பத்திரிகைக்காரன் விட்டுவிட்டான்.

எனக்கு எப்படி இருந்தது என்றால், வெயிலில் புகைந்த இயந்திரத்தைத் திறந்து பார்க்கும்போது உள்ளே தீ இல்லை, வெறும் பெல்ட்தான் என்று தெரிகிற மாதிரி. உட்கார்ந்துவிட்டேன்.

பிரெண்ட் அவளிடம் வந்து தொப்பியைத் தொட்டார். "அந்த நடை ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. எங்க ஊர்ல சொல்லிக்குடுக்கலாமா?"

"தாராளமா. டெல்பர்ட்டுக்கு எங்க போவீங்க?"

புதன்கிழமை வகுப்பு ட்வைலாவுக்கு. ஆல்வின் தாடையைச் சொறியாமலே சொன்னார்.

7

இங்கே நிறுத்தினால் பத்திரிகையில் போடலாம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. சந்தேகம் என் குணம்.

லாடி ஏன் வெளியே போனான்?

மாதக்கணக்கில் சமையலறையில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டவன் அவன். டெல்பர்ட் அந்த இடத்தில் என்ன செய்வார் என்று இந்த உலகத்தில் யாரைவிடவும் அவனுக்கு நன்றாகத் தெரியும். காப்பியைக் குடித்துக்கொண்டே, காலைத் தூக்கிக்கொண்டே, அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து எழுந்து வெளியே போயிருக்கிறான்.

முதல் முடிவு: அவன் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அவள் தோற்று வீட்டோடு இருக்கட்டும் என்று நினைத்தான், அதைக் கண்ணால் பார்க்கத் தைரியம் இல்லாமல்—

என் தம்பியைப் பற்றி இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதிவிட்டேன்.

இரண்டாவது முடிவு: சொன்னால் மறுபடியும் அவன் விரலால் அவள் திரும்புவதாக ஆகிவிடும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தான். உள்ளே இருந்தால் வாய் நிற்காது என்று வெளியே போனான். இது அழகான முடிவு. அழகாக இருப்பதால் நான் நம்பவில்லை.

மூன்றாவது முடிவு: அவனிடமே கேட்டேன்.

"பசிச்சுது," என்றான்.

ட்வைலாவிடமும் கேட்டேன். "எமில், அவன் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்னா நெனக்கிறீங்க?" என்றாள். பிறகு பாத்திரம் துலக்கும்போது வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அவள் பாடி நான் கேட்டதில்லை.

இன்று புதன்கிழமை. முதல் வகுப்பு. அவள் முன்னாலேயே ஹாலுக்குப் போய்விட்டாள். இதை முடிக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன், வாசலில் லாடியின் டிரக் வந்து ஹாரன் அடிக்கிறது.

"அண்ணே! வர்றியா இல்லியா?"

"எழுதிக்கிட்டு இருக்கேன்டா."

"யாரப் பத்தி?"

"உன்னப் பத்திதான்."

"நான் அதுல நல்லவனா, கெட்டவனா?"

"இன்னும் முடிவு பண்ணல."

"சீக்கிரம் பண்ணு. ஏழு மணிக்கு அவ கதவச் சாத்திருவா."

சன்னல் வழியாகப் பார்க்கிறேன். ஊன்றுகோல் டிரக்கின் பின்பக்கம் கிடக்கிறது. அது எப்போதும் அங்கேதான் கிடக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தலையில் தொப்பி. சட்டை தேய்த்தது. காலில் என்ன போட்டிருக்கிறான் என்று இங்கிருந்து தெரியவில்லை. வீட்டுச் செருப்பென்றால் பெஞ்சில் உட்காரப் போகிறான். பூட்ஸ் என்றால் வேறு. டிரக்கின் கதவு மறைக்கிறது.

எழுந்துபோய்ப் பார்க்க எனக்குப் பத்தடிகூட ஆகாது. பார்த்துவிட்டால் எழுதியாக வேண்டும். எழுதினால் கொஞ்சமாவது பொய் சேர்ப்பேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் பேனாவை மூடிவிட்டுத்தான் எழுந்திருக்கப் போகிறேன். கதவு உங்கள் பக்கம். நீங்கள் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.